பச்சை மிளகாய்: காப்பதும் கழிப்பதும்

சந்தையிலிருந்து வந்த காய்கறிகளைக் கவனமாக அடுக்கிவைக்கும் இல்லத்தரசியர் பலர், பச்சை மிளகாயை மட்டும் வாங்கிய பையோடு மூலையில் போட்டுவிடுகின்றனர். நான்கு நாள் கழித்துப் பையை அவிழ்த்தால் பாதி குழைந்து கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கியதை எறிய மனம் வருவதில்லை. அழுகிய பகுதியை நறுக்கிவிட்டு எஞ்சியதைக் குழம்பில் இடுகின்றனர். "காரத்தின் முன் எந்தக் கிருமி நிற்கும்?" என்று தேறுதலும் சொல்லிக்கொள்கின்றனர்.

இவ்வெண்ணம் தவறானது. மிளகாய்க்குக் காரம் தரும் காப்சைசின் நம் நாவைச் சுடும். ஆனால் அழுகலைத் தடுத்து நிறுத்தாது. மிளகாயே அழுகுகிறது என்பதே இதற்குச் சான்று.

பறித்த பின்னரும் காய் சுவாசிக்கிறது. நீரை ஆவியாக வெளிவிடுகிறது. இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் அந்த ஆவி துளிகளாகப் படிகிறது. அந்த ஈரத்தில் பூஞ்சணம் பெருகுகிறது. எனவே, வாங்கிய அன்றே மிளகாயைப் பரப்பி, அடிபட்டவற்றையும் கீறல் விழுந்தவற்றையும் பிரித்து முதலில் பயன்படுத்துக. மற்றவற்றைக் கழுவாமல், ஈரமிருப்பின் துணியால் துடைத்து, தோல் கிழியாதவாறு காம்பைக் கிள்ளிவிடுக. உலர்ந்த துணியிலோ தாளிலோ சுற்றி, மூடியுள்ள டப்பாவில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தால் இரண்டு வாரம்வரை நன்றாயிருக்கும். சுற்றிய துணி ஈரமானால் மாற்றுக. மிளகாய்க்கு ஏற்றது 7 முதல் 10 பாகை செல்சியஸ் குளிர். அதனினும் மிகுந்த குளிரில் பல நாள் இருந்தால் தோலில் குழி விழும், விதை கறுக்கும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், முறத்தில் பரப்பிக் காற்றோட்டமான நிழலில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். மிகுதியாயின், நல்ல வெயில் காலத்தில் மோர் மிளகாயாக்கிவிடலாம்.

இனி, எதைக் கழிப்பது? பச்சை மிளகாய் சிவந்தால் அது பழுத்ததேயன்றிக் கெட்டதன்று. சற்றுச் சுருங்கினால் நீர் குறைந்திருக்கிறது, சமைக்கலாம். ஆனால் காம்படியில் வெண்பஞ்சு போன்றோ கருமையாகவோ பூஞ்சணம் பூத்திருந்தாலும், தொட்டால் வழவழப்பாகக் குழைந்தாலும், கெட்ட வாடை வீசினாலும் தயங்காது எறிக. வெளியே நலமாகத் தோன்றும் காயின் உள்ளேயும் பூஞ்சணம் இருக்கக்கூடும். ஆகவே கீறிப் பார்த்தே சமைப்பது நன்று.

காய்ந்த மிளகாயில் இன்னும் விழிப்பு வேண்டும். சரியாக உலராத வற்றலில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். வறுத்தாலும் அரைத்தாலும் அந்நஞ்சு முற்றிலும் நீங்காது. பூஞ்சணம் பிடித்த வற்றலைத் துடைத்து அரைவைக்கு அனுப்புவது, குடும்பத்தார் அனைவரின் தட்டிலும் அதனைக் கலப்பதாகும்.

சிக்கனம் நற்பண்பே. ஆயினும் அதனைக் கடைப்பிடிக்க வேண்டிய இடம் குப்பைக்கூடையருகே அன்று. சந்தையில், தேவையான அளவு வாங்கும்போதே.