மருந்து மாறினால் யாரைக் கேட்பது?

இன்சுலின் குப்பி நம் மருந்துக் கடைகளில் இரண்டு வலிமையில் கிடைக்கிறது. ஒன்றில் மில்லிக்கு 40 யூனிட், மற்றதில் 100 யூனிட். முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்துப் போட்டால், உடம்புக்குள் போவது 50 யூனிட். இரவு சரியாகச் சாப்பிடாமல் படுத்த ஒரு முதியவரின் உயிருக்கே இது உலை வைக்கும். காலையில் எழுப்ப வரும் ஆயா, "ஐயா நல்லா தூங்குறாரு" என்று நினைத்துத் திரும்பிப் போய்விடலாம்.

முதியோர் இல்லங்களிலும் சிறிய நர்சிங் ஹோம்களிலும் நடக்கும் மருந்துத் தவறுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். வாரத்துக்கு ஒருமுறை விழுங்க வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் தினசரி டப்பாவில் போய்ச் சேர்ந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்கு, முட்டி வலிக்கிறது என்றதும் வலி மாத்திரையும் கொடுப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நிறுத்தச் சொன்ன மருந்து, பழைய சீட்டின் தயவில் இல்லத்தில் தொடரும். பக்கத்துக் கட்டில்காரரின் மாத்திரை இவர் வாய்க்குள் போவதும் உண்டு.

பிள்ளைகள் கேட்டால் வரும் முதல் பதில், "வயசாயிடுச்சு சார்." பாதிப் பிள்ளைகள் அந்த இடத்திலேயே அடங்கிவிடுகிறார்கள். பெற்றவரை இல்லத்தில் விட்ட குற்ற உணர்வு வேறு வாயை அடைத்துவிடும். ஆனால் வயதானவர் என்பதற்காக அவரிடம் காட்ட வேண்டிய கவனத்தைச் சட்டம் குறைத்துவிடவில்லை. அதே சமயம் எல்லா அசம்பாவிதமும் அலட்சியம் ஆகிவிடாது. சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் பக்கவிளைவு வரலாம். சாதாரணக் கவனம் உள்ள ஒரு நர்ஸோ மருத்துவரோ செய்திருக்கமாட்டாத தவறு நடந்ததா, அதனால்தான் பாதிப்பு வந்ததா என்ற இரண்டு கேள்விகளில்தான் வழக்கு நிற்கும்.

இரண்டுக்கும் விடை காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதம் முதல் சில நாள்களில் கைக்கு வராவிட்டால் பிறகு வருவது கஷ்டம். மருந்து மாறியதாகச் சந்தேகம் வந்ததும் பெரியவரை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது மாத்திரை அட்டை, குப்பி, சிரிஞ்ச், பழைய சீட்டு எல்லாவற்றையும் கூடவே எடுத்துப் போங்கள். எது எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் அங்குள்ள மருத்துவர் முறிவு மருந்து கொடுக்க முடியும். வந்தபோது ரத்தச் சர்க்கரை எவ்வளவு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எவ்வளவு, என்ன மருந்தால் இந்த நிலை என்பதை அவர் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதினால், அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

அடுத்தது, தவறு நடந்த இடத்தின் பதிவேடு. நோயாளியோ அவரது பிரதிநிதியோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும்; உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. வாய்மொழியாகக் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கேஸ் ஷீட், நர்ஸின் குறிப்புகள், எந்த வேளைக்கு எந்த மருந்து என்று எழுதும் சார்ட் எல்லாம் வேண்டும். சி.சி.டி.வி. பதிவையும் அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுதுங்கள். சில வாரங்களில் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். மருத்துவரே இல்லாத முதியோர் இல்லத்திடம் இந்த 72 மணி நேர விதியை நேரடியாகக் காட்ட முடியாது. ஆனால் எழுத்தில் கேட்டும் தரவில்லை என்பது பின்னால் அவர்களுக்கு எதிராகவே நிற்கும்.

பெரியவர் இறந்துவிட்டால் சங்கடம் இன்னும் பெரிது. சொந்தபந்தம் கூடி, சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தும். பிரேதப் பரிசோதனை என்றாலே "அறுக்கணுமா?" என்ற கேள்வி எழும். முடிவு குடும்பத்துடையது. ஆனால் மரணத்தில் மெய்யாகவே சந்தேகம் இருந்தால், தகனத்துக்கு முன்பே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கேட்க வேண்டும். பிறகு கேட்டுப் பயனில்லை.

எங்கே போவது? என் கணிப்பில், இழப்பீடு வேண்டும் என்கிற பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரியான வாசல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. மாதக் கட்டணம் வாங்கும் முதியோர் இல்லமும் சேவைதான் விற்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கேட்கும் இழப்பீடு எவ்வளவு என்பது கணக்கில் வராது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. அம்மா கோவை இல்லத்தில் இருந்தார், மகள் சென்னையில் என்றால், மகள் சென்னையிலேயே வழக்குப் போடலாம். நுகர்வோர் இறந்துவிட்டால் வாரிசுகள் தொடரலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனு போடலாம். வழிகாட்ட 1915 என்ற எண் இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு அதில் வருமான வரம்பு கிடையாது.

மருந்து மாறிய வழக்கில் படிக்க வேண்டிய தீர்ப்பு 1998இல் வந்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு. டைபாய்டுக்குச் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொன்னது ஒரு ஊசி. நர்ஸ் வாங்கிவரச் சொல்லி நரம்பில் போட்டது மலேரியாவுக்கான குளோரோகுயின். குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது. குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோரின் மன வேதனைக்காக 5 லட்சமும் தர வேண்டும் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஊசி போட்டது நர்ஸ்தானே என்று நிர்வாகம் ஒதுங்க முடியவில்லை. பணம் கட்டி அழைத்து வந்தவர்களும் நுகர்வோர்தான் என்பதும் அதில் உறுதியானது. அப்பாவுக்காகக் கட்டணம் கட்டும் மகன் கையில் வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இது. கொல்கத்தாவில் 1998இல் தரப்பட்ட ஸ்டீராய்டு மருந்து மிதமிஞ்சிப் போனதால் மனைவியை இழந்த மருத்துவர் குணால் சாஹாவுக்கு 2013இல் சுமார் 6 கோடி ரூபாய் கிடைத்தது. 15 வருடப் போராட்டம். 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்வதை நம்பிக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டாம்.

எதிர்த்தரப்பு நிபுணர் கருத்து எங்கே என்று கேட்கும். எல்லா வழக்கிலும் அது கட்டாயமில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 20 யூனிட் போட வேண்டிய இடத்தில் 50 யூனிட் இன்சுலின் போட்டது தவறு என்று சொல்லப் பேராசிரியர் வர வேண்டியதில்லை.

காவல் நிலையம் வேறு கதை. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்குக்குப் பிறகு, மருத்துவர்மீது குற்ற நடவடிக்கை என்றால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். போலீஸ் முதலில் வேறொரு மருத்துவரின், முடிந்தால் அரசு மருத்துவரின், கருத்தைப் பெற வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. மருத்துவச் சிகிச்சையின்போது பதிவு பெற்ற மருத்துவர் செய்தால் 2 ஆண்டு வரை. இந்தச் சலுகை மருத்துவருக்குத்தான். வெள்ளைப் புடவை கட்டியவரெல்லாம் பதிவு பெற்ற நர்ஸும் இல்லை. ஊசி போட்டவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் அந்த ஒரு கேள்விக்கே பதில் வராது.

கோபத்தில் கண்ணாடியை உடைப்பது மட்டும் கூடவே கூடாது. மருத்துவமனைகளைத் தாக்கினால் 2008ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி அது ஜாமீனில் வர முடியாத குற்றம். புகார் கொடுக்க வந்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும்.

பணம் வேண்டாம், இது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்பவர்கள் மருத்துவர்மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், நர்சிங் ஹோம்மீது மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும், முதியோர் இல்லத்தின்மீது ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட சமூக நல அலுவலரிடமோ புகார் தரலாம். இவர்கள் இழப்பீடு வாங்கித் தரமாட்டார்கள். எல்லோருக்கும் இலவசமாகவே நடக்கும் தர்ம இல்லத்துக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அங்கே சிவில் நீதிமன்றம். அரசு மருத்துவமனை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அல்லது ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையம்.

நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு 2 ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். இதற்கிடையில் நிர்வாகம் ஒரு தொகையோடு சமாதானம் பேச வரும். வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அவர்கள் கையெழுத்துக்கு நீட்டும் காகிதத்தில் இருக்கிறதா என்று மட்டும், பேனாவை எடுப்பதற்கு முன், ஒரு வக்கீலிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.