நின்றுபோன முள்

வாசலில் ஒரு பட்டறை – 17

சென்ற இதழில் ஆக்சிலரேட்டர் கேபிளைக் கழற்றிப் பார்த்தோம். அது இழுபடும் கேபிள். இந்த வாரம் சுற்றும் கேபிள். பழைய கார்களில் கியர்பாக்ஸில் தொடங்கி டேஷ்போர்டு வரை வந்து, வேகத்தைக் காட்டும் முள்ளை அசைக்கிற ஸ்பீடோமீட்டர் கேபிள். பட்டறையில் 'மீட்டர் கேபிள்' என்றால் போதும். அம்பாசிடரோ, பத்மினியோ, பழைய மாருதி 800-ஓ வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலிலேயே இதை மாற்றிவிடலாம். மாற்றுவது சுலபம் என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். புதுக் கேபிளும் கொஞ்ச நாளில் அறுந்துவிடுகிறது. அறுந்ததை மாற்றினார்களே தவிர, எது அறுத்தது என்று யாரும் பார்க்கவில்லை.

அதைப் பார்க்க வேண்டுமென்றால் மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கியர்பாக்ஸில் ஒரு சிறிய பல்சக்கரம் இருக்கிறது. பினியன் என்பார்கள். வண்டிச் சக்கரம் எவ்வளவு சுற்றுகிறதோ அதற்கேற்ற விகிதத்தில் இதுவும் சுற்றும். அந்தச் சுழற்சியை அப்படியே மேலே கொண்டுபோவதுதான் கேபிளின் வேலை. மேல்முனையில், மீட்டருக்குள், கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் காந்தம் சுழலும்போது அந்தக் கிண்ணத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது கிண்ணத்தைக் காந்தத்தின் பின்னாலேயே திருப்பப் பார்க்கிறது. மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங் அதைத் திரும்பவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. இரண்டு விசையும் சமமாகிற இடத்தில் முள் நிற்கிறது. காந்தம் வேகமாகச் சுற்றினால் முள் கூடுதலாக நகரும். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்காரரான ஓட்டோ ஷூல்ட்ஸே இந்த ஏற்பாட்டுக்கு 1902-இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை இதே முறையில்தான் வேகம் காட்டின. பேட்டரி தேவையில்லை, ஒயர் தேவையில்லை. முள்ளுக்கும் காந்தத்துக்கும் உரசலே இல்லாததால் அந்த இடத்தில் தேய்மானமும் இல்லை. இவ்வளவு அழகான ஏற்பாடு காரில் வேறு எங்கும் இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

கிலோமீட்டர் எண்ணிக்கை காட்டும் ஓடோமீட்டர் கதை வேறு. அதற்குக் காந்தத்தோடு சம்பந்தமில்லை. அதே கேபிள் சுழற்சியைச் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் வாங்கி எண் உருளைகளைத் திருப்புகின்றன. இந்த வித்தியாசம் தெரிந்தால் நோயைக் கண்டுபிடிப்பது சுலபம். முள்ளும் எண்ணும் இரண்டுமே நின்றுவிட்டனவா? கேபிள் அறுந்திருக்க வேண்டும், அல்லது கீழே பினியன் பல் போயிருக்க வேண்டும். முள் ஆடாமல் எண் மட்டும் ஓடுகிறதா? கேபிள் நன்றாக இருக்கிறது, பழுது மீட்டருக்குள். முள் வேலை செய்து எண் மட்டும் நின்றாலும் அப்படித்தான்; உள்ளே இருக்கும் பல்சக்கரங்களில் ஒன்று உடைந்திருக்கும். இந்தக் கடைசி இரண்டுக்கும் கேபிள் வாங்கப் போவது வீண்.

அறுவதற்கு முன்னால் கேபிள் எச்சரிக்கை கொடுக்கும். குறைந்த வேகத்தில் முள் துடிக்கும். இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே போய்ப் போய் வரும். டேஷ்போர்டுக்குள்ளிருந்து டிக்டிக்கென்றோ கீச்சென்றோ சத்தம் வரும். உள்கம்பி வறண்டுவிட்டது, அல்லது எங்கோ மடங்கி உரசுகிறது என்று பொருள். அப்போதே கழற்றித் துடைத்துப் பார்த்தால் பல கேபிள்கள் பிழைத்துக்கொள்ளும்.

கேபிளில் இரண்டு பகுதி: வெளியே அவுட்டர், உள்ளே இன்னர். இன்னர் என்பது ஒற்றைக் கம்பியல்ல. மெல்லிய எஃகு இழைகளை அடுக்கடுக்காகச் சுற்றியிருப்பார்கள். ஓர் அடுக்கு வலமாகப் போனால் அடுத்தது இடமாகப் போகும். கயிற்றை முறுக்கிய திசையிலேயே மேலும் திருகினால் இறுகும், எதிர்த்திசையில் திருகினால் பிரியும் அல்லவா? வண்டி முன்னோக்கி ஓடும்போது வெளியடுக்கு இறுகும்படிதான் இதைச் சுற்றியிருக்கிறார்கள். இரண்டு முனைகளையும் அழுத்திச் சதுரமாக்கியிருப்பார்கள். அந்தச் சதுரம்தான் பினியனுக்குள்ளும் மீட்டருக்குள்ளும் போய் உட்காரும்.

இதற்கு எவ்வளவு வேலை என்று கணக்குப் போட்டால்தான் மரியாதை வரும். ஜப்பானிய மீட்டர்களின் நியமப்படி, ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் 637 முறை சுற்ற வேண்டும். அதாவது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 637 சுற்று. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் 6 கோடியே 37 லட்சம் சுற்று. பிரிட்டிஷ் வழிவந்த பழைய மீட்டர்களில் ஒரு மைலுக்கு இத்தனை சுற்று என்ற எண்ணை டயலிலேயே சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஆயிரம் என்பது அடிக்கடி காணக்கூடியது. பழைய மீட்டரை எடுத்துவிட்டு வேறு வண்டியின் மீட்டரைப் பொருத்துகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் பொருத்தக் கூடாது. எண் மாறினால் வேகம் பொய்யாகும்.

இனி, எது அறுக்கிறது? மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது மீட்டரின் கழுத்து. கேபிளை மீட்டரிலிருந்து கழற்றியதும், சதுரத் துளையில் பொருந்தும் ஏதாவது ஒன்றை, பழைய இன்னரின் நல்ல முனையை வெட்டியெடுத்தாலே போதும், உள்ளே விட்டு விரலால் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். முள் லேசாக எழுந்து விழ வேண்டும். பிடித்துக்கொண்டால், பல ஆண்டு தூசியும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து அந்தத் தண்டை இறுக்கிவிட்டன. இந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த கேபிளைப் போட்டாலும் அது அறும். மீட்டரைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சரி செய்த பிறகே புதுக் கேபிள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. செய்பவர்கள்தான் குறைவு.

இரண்டாவது, கேபிள் போகும் பாதை. மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியில் வந்ததுதான் அம்பாசிடர். அந்தக் குடும்பத்துக் கார்களின் பணிமனைக் கையேடுகள் தெளிவாகச் சொல்லும் விஷயம் இது: எந்த வளைவின் ஆரமும் ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மீட்டரை விட்டு வெளியே வரும் முதல் இரண்டு அங்குலம் நேராக வர வேண்டும். ஸ்டீரியோ மாட்டியவரோ ஹார்ன் ஒயர் இழுத்தவரோ கேபிளை ஓரமாகத் தள்ளி டேக் போட்டு இறுக்கியிருந்தால் அங்கேதான் அறும்.

மூன்றாவதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே ஓர் எர்த் பட்டை உண்டு. அது துருப்பிடித்து அறுந்துபோனால், ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரிய மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடும். சோக் கேபிளும் மீட்டர் கேபிளும் உலோகம். இரண்டுமே ஒரு முனையில் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ தொட்டுக்கொண்டிருப்பவை. மின்னோட்டம் அவற்றின் வழியாகப் போகும். கழற்றிய கேபிளின் பிளாஸ்டிக் உறை உருகியிருந்தாலோ கருகியிருந்தாலோ முதலில் எர்த் பட்டையைப் பாருங்கள்.

கேபிள் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ உள்ள உதிரிபாகக் கடைகளில் வண்டியின் பெயரை மட்டும் சொன்னால், "எந்த வருஷம் சார்? பழசைக் கொண்டாங்க, அளந்து தரேன்" என்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம். ஒரே பெயரில் பல ஆண்டுகள் வந்த வண்டியில் கியர்பாக்ஸும் டேஷ்போர்டும் மாறியிருக்கும்; கேபிளின் நீளமும் முனையும் அதோடு மாறியிருக்கும். நீளம் கூடினால் மடித்துத் திணிக்க வேண்டிவரும், குறைந்தால் விறைப்பாக இழுக்கும். இரண்டுமே ஆகாது.

இப்போது வேலை. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் கண் போகாத இடத்தில் கைவிடப் போகிறோம். அங்கே மின்சாரம் இருக்கக் கூடாது. அம்பாசிடர், பத்மினி போல கியர்பாக்ஸ் தரைக்கடியில் நீளவாக்கில் இருக்கும் வண்டிகளில் கீழே படுத்தாக வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே கீழே போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கடியில் தலையை நீட்ட வேண்டாம். இதை நான் எத்தனை இதழில் வேண்டுமானாலும் திரும்ப எழுதுவேன். எஞ்சின் குறுக்காக இருக்கும் மாருதி 800-இல் பெரும்பாலும் பானட்டைத் திறந்து மேலிருந்தே கியர்பாக்ஸ் முனையை எட்டிவிடலாம்.

மேல்முனையில் விரலால் திருகும் நட்டு இருக்கும், அல்லது அமுக்கி இழுக்கும் பிளாஸ்டிக் பிடிப்பு இருக்கும். பிளாஸ்டிக்கில் கட்டிங் பிளேயர் வைக்காதீர்கள். கை நுழையாவிட்டால் மீட்டரின் முன்பக்க ஸ்குரூக்களைக் கழற்றி மீட்டரையே கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். பழைய கேபிளை உருவும் முன் அதன் ஒரு முனையில் நீளமான நூல் ஒன்றைக் கட்டுங்கள். கேபிள் வெளியே வரும்போது நூல் பாதையில் தங்கும். அதைப் பிடித்துப் புதியதை அதே வழியில் இழுக்கலாம். எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தகட்டின் விளிம்பு அவுட்டரை அறுக்கும், மழைத்தண்ணீரும் காலடிக்கு வரும்.

புதிய இன்னரை மாட்டுமுன் வெளியே எடுத்துச் சமமான மேசைமேல் உருட்டுங்கள். ஒரே சீராக உருள வேண்டும். துள்ளினால் எங்கோ மடிப்பு இருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு கிரீஸ். இங்கே தாராள மனம் வேண்டாம். இழைகளின் முறுக்கு ஒரு திருகைப் போல வேலை செய்து, அதிகப்படி கிரீஸை மெல்ல மெல்ல மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுபோய்விடும். அலுமினியக் கிண்ணத்துக்கும் காந்தத்துக்கும் இடையே கிரீஸ் புகுந்தால் முள் பொய் சொல்லும், கடைசியில் மீட்டரே வீணாகும். ஆகவே மெல்லிய பூச்சு போதும். மீட்டர் பக்கத்து எட்டு அங்குலத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். மாட்டி முடித்ததும் மேல்முனையில் இன்னர் அவுட்டரைத் தாண்டி ஏறத்தாழ பத்து மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். குறைந்தால் கீழே சதுரம் சரியாக உட்காரவில்லை.

உட்காராதபோது நட்டை முறுக்கி உட்கார வைக்கப் பார்ப்பதுதான் கேபிள் முனைகளை நசுக்குகிறது. வண்டி தரையில் நின்றால், வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு அதை அரையடி தள்ளச் சொல்லுங்கள். ஸ்டாண்டில் இருந்தால் தள்ளவே கூடாது; நீங்கள் மீட்டர் முனையைத் திருப்பினாலே போதும். சதுரம் சதுரத்தில் தானாக விழும். அதன் பிறகு நட்டு கைக்கு இணங்கி வரும். கடைசியாக, கேபிள் சைலன்சர் குழாய்க்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் கிளட்ச் பெடலுக்கும் அருகில் தொங்கவில்லை என்று கண்ணால் பாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பெடல்களை மிதித்துப் பாருங்கள்.

பேட்டரியை மாட்டி ஒரு சுற்றுப் போய் வாருங்கள். கூட வருகிறவர் போனில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்க்கட்டும். மீட்டர் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூட்டிக் காட்டினால் கவலை வேண்டாம். உண்மை வேகத்தைவிட மீட்டர் குறைத்துக் காட்டக் கூடாது என்பதுதான் ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குவிதி. குறைத்துக் காட்டினால் டயர் அளவைப் பாருங்கள். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிக தூரம் போகும், கேபிளுக்கு அது தெரியாது.

மீட்டர் நின்றிருந்த காலத்தில் ஓடிய தூரம் ஓடோமீட்டரில் இல்லை. அந்த நாட்களில் போட்ட பெட்ரோலை வண்டியின் வழக்கமான மைலேஜால் பெருக்குங்கள்: 30 லிட்டர், லிட்டருக்கு 12 என்றால் 360 கிலோமீட்டர். சர்வீஸ் நோட்டில் கேபிள் மாற்றிய தேதி, அன்றைய ரீடிங், இந்த 360 மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆயில் மாற்றும் கணக்கு இதைச் சேர்த்துத்தான். வண்டியை விற்கிறபோது வாங்குபவருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். கேபிளைக் கழற்றிப் போட்டு ரீடிங்கைக் குறைக்கும் கும்பல் சந்தையில் இருப்பது அவருக்கும் தெரியும்.

அடுத்த இதழில் ஹேண்ட்பிரேக் கேபிள்.