உறைபனி: முந்தைய நாளே செய்ய வேண்டியவை

நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். மாலையில் வானம் மேகமின்றி, காற்றும் அசையாமல் இருந்தால் மறுநாள் விடியலில் உறைபனியை எதிர்பார்க்கலாம். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டுத் தேயிலை தப்பித்து, ஓடையோர உருளைக்கிழங்கு கருகுவது இதனால்தான்.

பகலில் மண் வாங்கிய வெப்பமே இரவில் பயிரைக் காக்கிறது. காய்ந்த மண்ணைவிட ஈரமண் அதிக வெப்பத்தைச் சேமிக்கும் என்பதால், மதியத்துக்குள் நீர் பாய்ச்சிவிடுங்கள். இளந்தேயிலையைத் தாகைச் செடியால் மூடும் நம் மலைவாசிகளின் வழக்கம் இன்றும் சிறந்ததே. காய்கறி நாற்றங்காலுக்குச் சாக்கு போதும். வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் என்றால் குச்சி நட்டு உயர்த்திக் கட்டுங்கள். இலையில் பட்டால் பட்ட இடம் கருகும்.

கருகிய கிளையைப் பார்த்ததும் கவாத்துக் கத்தியை எடுக்கத் தோன்றும். பொறுங்கள். எது செத்தது, எது பிழைத்தது என்பது தளிர் வந்த பிறகே தெரியும். கருகிய இலைகள் அடுத்த பனிக்கு உள்கிளைகளுக்குப் போர்வையாகவும் இருக்கும். பனி முடியும்வரை யூரியா வேண்டாம். அதனால் வரும் இளந்தளிர்தான் முதலில் கருகும்.

வீட்டுப் பூந்தொட்டிகளை மாலையில் தாழ்வாரத்துக்குள் நகர்த்தினால் போதும். ஆனால் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு உறங்காதீர்கள். புகை நின்ற பிறகும் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதற்கு மணமில்லை; தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். படுக்கும் முன் அடுப்பை வெளியே வைத்துவிடுங்கள்.