காத்திருக்கக் கூடாத தலைவலி

எழுபது வயதை எட்டியவருக்குப் புதிதாகத் தலைவலி வந்தால், பிரஷரையோ கண்ணாடியின் பவரையோ தூக்கக் குறைவையோ வீட்டில் காரணம் காட்டுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அந்த வலியோடு வேறு சில தொல்லைகளும் சேர்ந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நெற்றிப்பொட்டைத் தொட்டாலே நோவது, தலை சீவும்போது மண்டைத்தோல் எரிவது, உணவை மெல்லும்போது தாடை வலித்து மெல்வதை நிறுத்தியதும் அடங்குவது, கண் சில நொடிகள் இருட்டிக்கொண்டு வருவது, ஒன்று இரண்டாகத் தெரிவது ஆகியவைதான் அந்தத் தொல்லைகள். காலையில் தோளும் இடுப்பும் விறைத்துப்போவதும், காரணமில்லாத காய்ச்சலும் எடை இழப்பும்கூட இதோடு வரலாம். இவை ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்ற ரத்தக்குழாய் அழற்சியின் அடையாளங்கள். ஐம்பது வயதுக்கு முன் இந்த நோய் அநேகமாக வருவதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

உடலின் எதிர்ப்புச் சக்தியே தமனிகளின் சுவரைத் தாக்க, சுவர் தடித்து உட்பாதை குறுகுகிறது. கண் நரம்பின் முன்பகுதிக்கு ரத்தம் தரும் சிறு குழாய்கள் அடைபட்டால் பார்வை திடீரென்று போய்விடும். பெரும்பாலும் கண்ணில் வலிகூட இருக்காது. அப்படிப் போன பார்வை அநேகமாகத் திரும்புவதில்லை. சிகிச்சை தொடங்காவிட்டால் மற்றக் கண்ணும் சில நாட்களிலோ வாரங்களிலோ பறிபோகக்கூடும். எனவே வலுவான சந்தேகம் எழுந்த அன்றே மருத்துவர் ஸ்டீராய்டைத் தொடங்க வேண்டும். உறுதிப்படுத்தும் பரிசோதனை அதற்குப் பின்னால் வரட்டும். இங்கிலாந்தின் சவுத்எண்ட் நகர மருத்துவமனையில், சந்தேகத்துக்குரியவர்களைத் தாமதமின்றிச் சிறப்பு மருத்துவரிடம் சேர்க்கும் ஏற்பாடு வந்த பிறகு, நிரந்தரப் பார்வைப் பாதிப்பு 37 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்ததாக 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே புது மருந்து எதுவும் வரவில்லை. வீணாகும் நாட்கள்தான் குறைந்தன.

நோயை உறுதி செய்யாமல் வலுவான மருந்தைக் கொடுக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. நெற்றிப்பொட்டுத் தமனியில் சிறு துண்டெடுத்துச் செய்யும் பயாப்ஸி, ஸ்டீராய்டு தொடங்கிய ஒன்றிரண்டு வாரங்கள் வரைகூட நோயைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே பயாப்ஸிக்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அழற்சி தமனி முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை என்பதால், எடுத்த துண்டில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. கைதேர்ந்தவர் செய்யும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், வீங்கிய தமனிச் சுவர் குழாயைச் சுற்றிக் கருவளையமாகத் தெரியும். ஆனால் மருந்து தொடங்கிய சில நாட்களில் அது மங்கத் தொடங்கும் என்பதால் ஸ்கேனை உடனே எடுத்துவிட வேண்டும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளை அன்றைக்கே செய்துவிடலாம். இவை வழக்கமாக உயர்ந்திருக்கும், சிலருக்கு இ.எஸ்.ஆர். மட்டும் இயல்பாக இருப்பதும் உண்டு. எல்லாம் பார்த்து இந்த நோய் இல்லை என்று தெளிந்தால், சில நாட்களே கொடுத்த ஸ்டீராய்டை மருத்துவரே நிறுத்திவிடுவார். அந்தச் சில நாட்களின் பாதகத்தையும் திரும்பாத பார்வையையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது.

சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டா என்ற அச்சம் நம் ஊரில் இன்னும் வலுவானது. அது வீண் அச்சம் அல்ல. தினமும் 40 முதல் 60 மில்லிகிராம் வரை பிரெட்னிசலோன் எடுத்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும், உள்ளே உறங்கும் காசநோய் விழிக்கலாம். பார்வை பாதிக்கத் தொடங்கியவர்களுக்கு முதல் மூன்று நாட்கள் இதைவிட அதிக அளவில் ஊசிவழியே ஸ்டீராய்டு ஏற்றுவதும் உண்டு. இதற்கெல்லாம் வழி, மருந்தை மறுப்பதல்ல. சர்க்கரையை அடிக்கடி பார்த்து மாத்திரையையோ இன்சுலினையோ மாற்றுவதும், எலும்பைக் காக்கக் கால்சியம், வைட்டமின் டி போன்றவற்றைச் சேர்ப்பதும், காசநோய்ப் பரிசோதனை செய்வதும்தான். டோசிலிசுமாப் என்ற ஊசியைச் சேர்த்துக்கொண்டால் ஸ்டீராய்டின் மொத்த அளவைக் குறைக்க முடியும் என்று 2017-இல் வெளியான ஆய்வு நிறுவியது. அதன் விலை பல குடும்பங்களுக்கு எட்டாதது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இது வட ஐரோப்பிய வம்சத்தாரிடம் அதிகம் காணப்படும் நோய், நமக்கு எதற்கு என்பார்கள். இந்தியர்களிடம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அரிது என்ற எண்ணமே, ஒற்றைத் தலைவலி, பல்வலி என்று வைத்தியம் பார்த்து நாட்களைக் கழிக்க வைக்கிறது. ஆகவே நோயாளியும் குடும்பமும் தயங்காமல் கேட்கலாம்: "டாக்டர், இது ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸாக இருக்குமா? இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இன்றே பார்க்கலாமா?" இப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. பார்வை மங்கினால் மறுநாள் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். வேறு மருத்துவமனைக்கு மாற நேர்ந்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

மருந்து தொடங்கிய ஓரிரு நாட்களில் தலைவலி பெரும்பாலும் விட்டுவிடும். ஆபத்தான தவறு நடப்பதும் அப்போதுதான்: குணமாகிவிட்டது என்று பலர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். அளவைப் படிப்படியாகக் குறைத்து முடிக்க ஓராண்டோ இரண்டாண்டோ, சிலருக்கு அதற்கும் மேலோ ஆகும். வாரக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால், உடல் தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோன் போதாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். அளவு குறையும்போது தலைவலியோ தாடை வலியோ திரும்பினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எடுக்கும் மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு எப்போதும் கைவசம் இருக்கட்டும்; பல் பிடுங்கப் போனாலும் அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தாலும் அதை முதலில் காட்ட வேண்டும்.