பங்குக் கிணறும் பங்குக் கோப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையினூடே கீழிறங்கும் மழைநீரே அங்கு மனிதருக்கும் பயிருக்கும் உயிராவது. அந்த நன்னீர், அடியிற் கிடக்கும் உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருத்தல் இதற்குப் பலரும் அறிந்த சான்று. அளவு மீறி இறைத்தால் உவர் மேலேறும். ஒருவர் செய்த மிகையால் அயலவர் கிணறும் கெடும்.

இத்தகைய மண்ணிற் கிணறு பெரும்பாலும் பலர்க்கும் உரிய பங்குப் பொருளாயிற்று. காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கு ஒன்றாகவும், கிணற்றுக்குச் செல்லும் வழி ஒன்றாகவும், நீர் ஓடும் வாய்க்கால் ஒன்றாகவும் குறித்து எழுதுதல் வழக்கம். பங்கு இருந்தும் வழி இல்லையாயின் நீர் கிடையாது. வழி இருந்தும் பங்கு இல்லையாயின் அதுவும் பயனில்லை. வாய்ச்சொல்லாற் கொடுத்த உரிமை பேரன் காலத்தில் வழக்காக முடியும்; எழுதிய உரிமை நிலைக்கும். பொதுப் பொருளை ஆளும் முறையில் இம்மக்கள் பட்டறிந்த பாடம் இது. இதே பாடம், இன்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நூல்நிலையங்களிலும் உள்ள கணினிகளுக்கும் பொருந்துவதைக் காணலாம்.

ஒரு கணினியில் உள்ள கோப்புக்களை, கம்பி வழியாகவோ கம்பியின்றியோ இணைந்த வேறு கணினிகளில் இருப்போரும் பயன்படுத்துமாறு திறந்து வைக்கலாம். அவ்வாறு திறந்து வைத்த கோப்புறையே வலையமைப்புப் பங்கு எனப்படுவது. அதனைத் திறந்து வைத்த அன்றே சில வினாக்கள் எழுகின்றன. யார் பார்க்கலாம்? யார் எழுதலாம்? யார் அழிக்கலாம்? இவ்வுரிமைகளை வழங்கும் உரிமை யாரிடம் இருக்கும்?

ஓர் எடுத்துக்காட்டு. புத்தூரில் ஒரு சனசமூக நிலையம் தன் ஊரின் பழைய ஏடுகளையும், கோயில் மலர்களையும், பள்ளி ஆண்டு மலர்களையும் ஒளிப்படியாக்கிக் கணினியிற் சேர்த்து வருகின்றது எனக் கொள்க. படி எடுப்போர் இளந்தொண்டர். சரிபார்த்து அடுக்குவோர் செயலாளரும் அவர்தம் உதவியாளரும். வந்து படிப்போர் ஊர் மக்கள். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005ஆம் ஆண்டிலிருந்து நூலகம் என்னும் இணையக் களஞ்சியம் ஈழத்து எழுத்துக்களைத் தேடிச் சேர்த்து வருகின்றது. இத்தகைய வரலாறு உடைய நாட்டில், வேறு பிரதி இல்லாத ஓர் ஏட்டின் படம் தவறான ஒரு விரற்தட்டலால் அழியுமாயின் அது சிறிய இழப்பன்று.

இவ்வுரிமைகளைச் சுட்டியைக் கொண்டு திரையிலுள்ள பெட்டிகளைத் தொட்டும் வழங்கலாம். கட்டளை வரியில் எழுதியும் வழங்கலாம். முன்னது எளிது. ஆயினும் எந்தப் பெட்டியை யார் எப்போது தொட்டார் என்பது பின்னர் நினைவில் நில்லாது. கட்டளை வரியில் எழுதுவது உறுதி முடித்தல் போன்றது. எழுதிய வரியைத் தாளிற் குறித்து வைக்கலாம். மற்றொருவர் படித்துப் பிழை காணலாம். கணினி பழுதுற்றால் அதே வரிகளை மீண்டும் இட்டுப் பழைய ஒழுங்கை அமைக்கலாம். நூறு கோப்புறைகளுக்கு ஒரே ஒழுங்கை ஒரே முறையிற் செய்து முடிக்கலாம்.

பல பயனாளர் ஒரே கணினியைப் பகிர்ந்து கொள்ளும் முறை 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற் செய்து காட்டப்பட்டது. பகிர்தல் வந்ததும் காப்பும் வேண்டியதாயிற்று. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் ஆக்கிய யுனிக்ஸ் முறைமையின் முதற் கைந்நூல் 1971ஆம் ஆண்டில் வெளிவந்தது. கோப்பின் உரிமையை மாற்றும் ‘சிஎச்மொட்’ என்னும் கட்டளை அந்நூலிலேயே உண்டு. சி, எச், எம், ஓ, டி என்னும் ஐந்து எழுத்துக்களாலான அக்கட்டளை, யுனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் கணினிகளில் இன்றும் வழங்குகின்றது.

லினக்ஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் மூவகையினர் உளர்: உரிமையாளர், குழுவினர், ஏனையோர். ஒவ்வொரு வகையினர்க்கும் மூன்று உரிமைகள்: படித்தல், எழுதுதல், இயக்குதல். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என எண்கள் உள. வேண்டிய உரிமைகளின் எண்களைக் கூட்டி எழுதுதல் வேண்டும். 7 என்றால் மூன்று உரிமைகளும். 5 என்றால் படித்தலும் இயக்குதலும். 0 என்றால் ஒன்றும் இல்லை. ஆகவே 750 என எழுதின், உரிமையாளர் யாவும் செய்யலாம், குழுவினர் எழுத இயலாது, ஏனையோர்க்கு இடமில்லை என்பது பொருளாகும்.

இங்குப் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. கோப்புறைக்கு ‘இயக்குதல்’ என்றால் அதனுள் நுழைதல். ‘எழுதுதல்’ என்றால் அதனுட் கோப்பைச் சேர்த்தலும் நீக்குதலும். ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அக்கோப்பிலன்றி, அது வைக்கப்பட்ட கோப்புறையிலேயே தங்கியுள்ளது. கோப்பினைப் படிக்க மட்டுமே என்று பூட்டிவிட்டு, கோப்புறையை எல்லார்க்கும் எழுதத் திறந்து வைப்பவர், பெட்டியைப் பூட்டிப் பெட்டியோடு தூக்கிச் செல்ல விட்டவர் ஆவர். இதனைத் தடுக்க, மூன்று எண்களுக்கு முன்னே 1 என்னும் எண்ணைச் சேர்த்து 1770 என எழுதுவர். அப்போது ஒருவர் தாம் வைத்த கோப்பைத் தாமே நீக்கலாம். தம்மையொத்த மற்றொருவர் வைத்ததை நீக்க இயலாது. கோப்புறையின் உரிமையாளரும் கணினியின் தலைமைப் பயனாளருமே இவ்விதிக்கு விலக்கானவர். மூவகையினர் என்னும் பிரிவு போதாத இடத்தில், ‘செற்எஃப்ஏசிஎல்’ என்னும் கட்டளையால் வேறு குழுக்களையும் பெயர் குறித்துச் சேர்க்கலாம்.

விண்டோஸ் கணினிகளில் ஒழுங்கு சற்று வேறு. அங்கு வலைவழி வருவோர்க்கு இரண்டு வாயில்கள் உண்டு. முதலாவது, பங்கின் வாயில். அது ‘நெற் ஷெயார்’ என்னும் கட்டளையால் அமைவது. இரண்டாவது, கோப்பு முறைமையின் வாயில். அது ‘ஐகேக்ல்ஸ்’ என்னும் கட்டளையால் அமைவது. ஐ, சி, ஏ, சி, எல், எஸ் என ஆறு எழுத்துக்களால் அதனைத் தட்டுவர். வலைவழி வருபவர்க்கு இவ்விரண்டிலும் எது குறைந்த உரிமை தருகின்றதோ அதுவே செல்லும். பங்கின் வாயிலில் படித்தல் மட்டும் தந்து, உள்ளே முழு உரிமை தந்தாலும், அவரால் எழுத இயலாது. உறுதியிலே வழியும் பங்கும் வெவ்வேறாக நிற்பது போன்றதே இது. ஆனால் அக்கணினியின் முன்னேயே வந்து அமர்பவர்க்கு முதல் வாயில் இல்லை; இரண்டாவது ஒன்றே காவல். ஒழுங்கை நெடுக வேலியிட்டாலும், வளவுக்குள் ஏற்கெனவே நிற்பவரை அவ்வேலி தடுப்பதில்லை. ஆகவே நுட்பமான ஒழுங்குகளை இரண்டாவது வாயிலிலேயே அமைப்பது அறிஞர் வழக்கம்.

லினக்ஸ் கணினியின் கோப்புறையை விண்டோஸ் கணினிகளுக்குத் திறந்து வைக்கும் மென்பொருள் சாம்பா எனப்படும். அவுஸ்திரேலியாவின் அன்றூ றிஜ்ஜெல் 1990களின் தொடக்கத்தில் ஆக்கத் தொடங்கியது அது. அதிலும் இரு வாயில்கள் உள: சாம்பாவின் அமைப்பேட்டில் எழுதும் விதி ஒன்று, கோப்புறையின் சொந்த உரிமை மற்றொன்று.

ஐகேக்ல்ஸ் கட்டளையின் அமைப்பு ஒரு சிறு உறுதியை ஒக்கும். முதலிற் கட்டளையின் பெயர். அடுத்துக் கோப்புறையின் இடம். பின்னர்ச் சாய்கோட்டுடன் ‘கிராண்ட்’, அதாவது வழங்குக என்னும் சொல். அதன்பின் பெறுவோர் பெயர். முக்காற்புள்ளியிட்டு வழங்கும் உரிமையின் எழுத்து. ‘ஆர்’ என்றால் படித்தல். ‘எம்’ என்றால் மாற்றுதல், அழித்தலும் அதனுள் அடங்கும். ‘எஃப்’ என்றால் முழு உரிமை, அதாவது உரிமைகளையே மாற்றும் உரிமையும் சேர்ந்தது. இந்த ‘எஃப்’ எழுத்தைத் தாராளமாக வழங்குதலே பெரும்பாலான குழப்பங்களுக்கு வித்து.

இனி, வழிவரும் உரிமை. தேசவழமையில் முன்னோரிடமிருந்து வந்த முதுசத்தையும், தாமே ஈட்டிய தேடியதேட்டத்தையும் பிரித்துப் பேசுவர். விண்டோஸ் முறையிலும் அத்தகைய பிரிவு உண்டு. தாய்க் கோப்புறைக்கு அளித்த உரிமை அதன் கீழுள்ளவற்றுக்கு வழிவழி இறங்கும். அவ்வாறு இறங்கியதைப் பட்டியலில் அடைப்புக்குறிக்குள் ‘ஐ’ என்னும் எழுத்துக் காட்டும். நேரே வழங்கியதற்கு அக்குறி இராது. ஓர் உரிமை எங்கிருந்து வந்தது என்று அறியாமல் அதனை நீக்க முயல்வோர் வீணே உழல்வர். தாயிடத்தில் உள்ளதைப் பிள்ளையிடத்தில் நின்று நீக்க இயலாது. வழிவரும் உரிமை முழுவதையும் அறுக்கும் கட்டளையும் உண்டு. வேறு உரிமை எதனையும் எழுதுமுன் அதனை இட்டால், செயலாளரே தம் கோப்புறைக்கு வெளியே நிற்க நேரும்.

வழங்குதலைப் போல மறுத்தலுக்கும் ஒரு சொல் உண்டு. அது ‘டினை’ என்பது. ஒரே கோப்புறையில் ஒருவர்க்கு நேரே வழங்கலும் மறுத்தலும் எழுதப்பட்டிருப்பின் மறுத்தலே வெல்லும். அவர் ஒரு குழுவால் உரிமை பெற்று, மற்றொரு குழுவால் மறுக்கப்படினும் அவ்வாறே. யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் வரலாற்றில் இதன் கொடுமை தெரிந்ததே. தாகம் ஒன்றாயிருந்தும், பிறந்த குலத்தைக் காட்டிப் பலர்க்குக் கிணற்றடி மறுக்கப்பட்டது. மற்றொருவர் வந்து அள்ளி ஊற்றும்வரை அவர்கள் காத்து நின்றனர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1957ஆம் ஆண்டிலேயே வந்தது. அதன் பின்னரும் அம்மக்கள் தம் உரிமைக்காக நெடுங்காலம் போராடினர். காவல் வேறு, விலக்கல் வேறு. பொருள் கெடாதிருக்க அளவோடு உரிமை வழங்குதல் காவல். இன்னார் என்பதற்காகவே தடுத்தல் விலக்கல். ஊர் மக்களின் ஏடுகளை ஊர் மக்கள் படிக்கவிடாமற் பூட்டி வைத்தல் எவ்வகையிலும் காவலாகாது. கணினியிலும் மறுத்தற் சொல்லை அரிதாகவே ஆளுதல் நன்று. வழங்காத உரிமை இல்லாத உரிமையே ஆதலின், பெரும்பாலும் அச்சொல்லுக்குத் தேவை இராது.

ஜெரோம் சால்ற்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இரு அறிஞர் 1975ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், ஒவ்வொருவர்க்கும் அவர்தம் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த உரிமையே வேண்டும் என்றும், இயல்பு நிலை அனுமதியின்மையாக இருத்தல் வேண்டும் என்றும் வகுத்தனர். இதன் பயன் பிற்காலத்தில் நன்கு வெளிப்பட்டது. கோப்புக்களை மறைமொழியாக்கிப் பணம் கேட்கும் தீநிரல்கள், பொதுவாக, அகப்பட்ட பயனாளர் எழுத இயன்ற கோப்புக்களையே கெடுக்கின்றன. வலைவழிப் பங்குகளும் அதனுள் அடங்கும். அவர்க்குப் படிக்கும் உரிமை மட்டுமே உள்ள களஞ்சியம் அந்நிலையிற் பெரும்பாலும் தப்பிவிடும்.

இவற்றைக் கொண்டு அச்சனசமூக நிலையத்துக்கு ஓர் ஒழுங்கு காணலாம். செயலாளர், தொண்டர், வாசகர் என மூன்று குழுக்கள் அமைக. உரிமையை ஆளுக்கு வழங்காது குழுவுக்கே வழங்குக. ஒருவர் வந்தால் குழுவிற் சேர்த்தலும் விலகினால் நீக்குதலும் போதும். ‘வரவு’ என ஒரு கோப்புறையும் ‘களஞ்சியம்’ என மற்றொன்றும் ஆக்குக. வரவிலே தொண்டர்க்கு மாற்றும் உரிமை; களஞ்சியத்திலே அவர்க்கும் வாசகர்க்கும் படிக்கும் உரிமை மட்டும். சரிபார்த்தவற்றைக் களஞ்சியத்திற் சேர்ப்பது செயலாளர் குழுவின் பணி. சேர்க்கும்போது படியெடுத்து வைத்தல் நன்று. படியெடுத்த கோப்பு, புதிய இடத்தின் உரிமையைப் பெறும். ஒரே வட்டுப் பகுதிக்குள் இடம் பெயர்த்த கோப்போ, பழைய உரிமையையே சுமந்து செல்லக்கூடும்.

எதனையும் மாற்றுமுன் மூன்று செயல்கள் வேண்டும். ஐகேக்ல்ஸ் என எழுதிக் கோப்புறையின் பெயரை மட்டும் இட்டால் உள்ள உரிமைகள் திரையில் வரும். முதலில் அவற்றைப் படித்தல். ‘சேவ்’ என்னும் சொல்லைச் சேர்த்து அவற்றை ஒரு கோப்பிற் பதிந்து வைத்தல். பிழை நேரின் ‘றிஸ்ரோர்’ என்னும் சொல்லால் அப்பதிவிலிருந்து மீட்கலாம். கட்டளையை ஒரு சிறு சோதனைக் கோப்புறையில் இட்டுப் பார்த்தல். மாற்றிய பின்னர், தொண்டர் ஒருவரின் பெயரிலும் வாசகர் ஒருவரின் பெயரிலும் உள்நுழைந்து, இயல வேண்டியது இயல்கின்றதா, இயலக் கூடாதது தடைப்படுகின்றதா என இரண்டையும் சோதித்தல் வேண்டும். வேலை ஓடவில்லை என்று எல்லார்க்கும் எல்லாம் திறந்துவிடுதல், லினக்ஸ் வழக்கிற் சொல்வதாயின் 777 என எழுதிவிடுதல், காரணத்தைக் காணாது காவலைக் கலைத்ததாகும்.

உரிமை ஒழுங்கு ஒன்றே போதும் என்றும் கருதலாகாது. உரிமை உடையவரே தவறுவதும், வட்டுப் பழுதாவதும் உண்டு. ஆதலாற் களஞ்சியத்தின் மறுபிரதி ஒன்று வேறொரு வட்டில், வேறொரு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். இட்ட கட்டளைகள் அனைத்தும், இட்ட நாளுடனும் காரணத்துடனும், நிலையத்தின் கூட்டக் குறிப்பேட்டில் எழுதப்படுதல் வேண்டும். நாளை புதிய செயலாளர் ஒருவர் வரும்போது, கிணற்றின் உறுதியைப் போல அக்குறிப்பேடே அவர்க்கு வழிகாட்டும். யாருக்கு எவ்வளவு உரிமை, ஏன் அவ்வளவு என்பதை அவர் எவரையும் கேளாமலே அதனைப் படித்து அறிந்துகொள்வார்.