ஆமையும் அமீனாவும்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பார்கள் பாட்டிமார். நட்சத்திர ஆமை விஷயத்தில் இரண்டும் சேர்ந்தே வரும்!

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் வழியில் சின்னாறு. அங்குள்ள வறண்ட காடு இதன் வீடு. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால், ஓடு உறுதிப்பட வெயிலும் புல்லும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டுமே! பனியன் பெட்டியில் அடைத்துச் சோறு போட்டால், ஓடு மெத்தென்றாகி, குஞ்சு நலிந்துவிடும்.

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2019-ல் உலக நாடுகள் கூடி, நாடு விட்டு நாடு நடக்கும் வியாபாரத்துக்கும் தடை போட்டன.

குழந்தை ஆசையாகத் தூக்கி வந்துவிட்டதா? அடிக்க வேண்டாம். உடனே வனத்துறையினரிடம் ஒப்படையுங்கள். அமீனா வருமுன் நாமே போய்விட்டால், வீடும் உருப்படும், ஆமையும் உருப்படும்!