பள்ளக்காட்டுக்குப் போகும் நம் சோற்றுப் பொதி

2022 ஜனவரியில் ஒரு வார இறுதியில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டருகே இரண்டு யானைகள் செத்துக் கிடந்தன. அதுவரையான எட்டு ஆண்டுகளில் அங்கே பிளாஸ்டிக் தின்று மடிந்தவை ஏறக்குறைய இருபது. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீன், சாப்பாட்டு உறைகள், செரிக்காத வேறு பொருட்கள், தண்ணீர் ஆகியவற்றை மட்டுமே கண்டதாக வனஜீவராசிகள் மிருக வைத்தியர் நிஹால் புஷ்பகுமார அப்போது சொன்னார். யானை வழமையாகத் தின்னும் தீனியின் அடையாளமே இல்லை.

பள்ளக்காடு நமக்குத் தூரத்து ஊரல்ல. ஒலுவிலுக்கு மேற்கே, அஷ்ரப் நகரை ஒட்டி இருக்கிறது. கரையோர ஊர்களின் குப்பை அங்கேதான் போகிறது. கல்முனைக் குப்பையும் போயிருக்கிறது. கடலுக்கும் வயலுக்கும் இடையில் நெருக்கியடித்துக் கட்டிய நம் ஊர்களில் ஒரு குழி வெட்டவும் வெறும் காணி கிடையாது. அதனால் நம் வாசலில் சேரும் அழுக்கை அடுத்த ஊரின் எல்லையில் குடியிருக்கும் ஏழைகள் சுமக்கிறார்கள். நாற்றமும் ஈயும் அவர்களுக்கு, இரவில் யானைப் பயமும் அவர்களுக்குத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008ஆம் ஆண்டு இந்த இடம் அமைக்கப்பட்டது. ஒன்பது ஊர்களின் குப்பை வந்தது. மீள்சுழற்சி மட்டும் நடக்கவில்லை. 2014இல் சுற்றியிருந்த மின்வேலியை மின்னல் தாக்கியது, அதை யாரும் பழுது பார்க்கவில்லை. மின்னல் ஒரு நொடி வேலை. வேலியை அப்படியே விட்டது மனிதர்களின் வேலை, அது ஆண்டுக்கணக்கில் நடந்தது. வனவிலங்கு வலயங்களை அண்டிய குப்பை மேடுகளில் மீள்சுழற்சி செய்வோம், வேலி போடுவோம் என்று 2017இல் அரசு அறிவித்தது. நாடு முழுக்க இப்படி 54 மேடுகள் இருந்தன, அவற்றை அண்டி உலவிய காட்டு யானைகள் ஏறக்குறைய முந்நூறு. பள்ளக்காட்டில் அந்த அறிவிப்பு என்ன பலன் தந்தது என்பதற்கு 2022இன் இரண்டு உடல்களே சாட்சி.

யானை பொலித்தீனுக்கு ஆசைப்படுவதில்லை. அதில் ஒட்டியிருக்கும் ஆணமும் உப்பும்தான் அதை இழுக்கின்றன. ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் தீன் வேண்டிய உயிருக்கு, காட்டில் நாள் முழுக்க அலைந்து தேடுவது இங்கே ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. தும்பிக்கையால் உறையைப் பிரித்துச் சோற்றை மட்டும் எடுக்க அதற்கு முடியாது, உறையோடு விழுங்குகிறது. பொலித்தீன் குடலில் சேர்ந்து அடைக்கும். பிறகு தீனும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. நாளுக்கு நாள் மெலிந்து, ஒரு நாள் விழுந்தால் பிறகு எழும்பாது.

இழப்பு யானையோடு நிற்பதில்லை. விளாம்பழத்தை விழுங்கி விதையை மைல் கணக்கில் சுமந்துபோய்ச் சாணத்தோடு போடுவது யானை. அது மேட்டடியில் நின்றுவிட்டால் அந்த வேலையும் நின்றுவிடும். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க இருந்தவையே 5,879 யானைகள்தான். நமக்குள்ள ஆபத்தும் சின்னதல்ல. மனிதச் சோற்றின் ருசி கண்ட யானை மேட்டோடு திரும்புவதில்லை. வெள்ளாமை விளையும் காலத்தில் வட்டைக்குள் இறங்கும், நெல் மணக்கும் வீட்டுச் சுவரையும் தள்ளும். அப்போது இரண்டு பக்கமும் உயிர் போகிறது.

இதில் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டா என்று தயங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரதேச சபைகள் சட்டமும் மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும் சேகரித்த குப்பையைச் சபையின் சொத்து என்றே சொல்கின்றன. டிரக்டரில் ஏறியதும் அது சபையுடையது, அதனால் வரும் தொல்லைக்குச் சபை பதில் சொல்லியாக வேண்டும். எனவே முதலில் விவரம் கேளுங்கள். நாளுக்கு எவ்வளவு குப்பை, எங்கே போகிறது, அந்த இடத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் உண்டா, வேலிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பதில் வராவிட்டால் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

முறைப்பாட்டை மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குக் கொடுக்கலாம். அதுவும் போதாதென்றால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு இருக்கிறது. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி நீதவான் கட்டளையிட அது இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவர்கள் பொலிஸ் மூலமோ நேரடியாகவோ நீதவானிடம் போகலாம். அரசியலமைப்பின் 27(14) சுற்றாடலைக் காக்கும் பொறுப்பை அரசின் மீதும், 28(f) இயற்கையைக் காக்கும் கடமையை நம் ஒவ்வொருவர் மீதும் சுமத்துகின்றன. நாம் இரண்டாவதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

வேலி பழுதாகும், அகழி தூர்ந்துபோகும். சோறும் பொலித்தீனும் ஒரே பையில் போகாவிட்டால் யானைக்கு அந்த மேட்டில் வேலையில்லை. உக்கும் குப்பையை வேறாகக் கட்டி வைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை; ஆனால் பிரித்து வைத்ததைச் சபை வண்டி ஒன்றாகக் கொட்டினால் மறு வாரம் யாரும் பிரிக்கமாட்டார்கள். வெவ்வேறு நாளில் வெவ்வேறு குப்பை எடுக்கச் சபையை வற்புறுத்துவதே முதல் வேலை.

லஞ்ச் சீட்டை 2017 செப்டம்பரிலேயே தடை செய்தார்கள். கடைத் தெருவில் அந்தத் தடை எப்படி இருக்கிறதென்று நானும் பார்க்கிறேன், நீங்களும் பார்க்கிறீர்கள். ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து உண்ணும் பழக்கம் உள்ள நம் ஊரில், வலீமா வீட்டில் அந்தச் சஹனையே பொலித்தீனால் மூடுவது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச் சட்டியோடு வந்தால் மட்டுமே தருவோம் என்று ஒரு பள்ளிவாசல் நிர்வாகம் சொன்னால், அந்த மஹல்லாவில் ஒரு மாதப் பொலித்தீன் மிச்சமாகும். இதற்குச் சட்டம் தேவையில்லை, ஒரு ஜும்ஆ அறிவிப்புப் போதும்.

யானை ஊருக்குள் வந்தால் பட்டாசோடு கூட்டமாகத் துரத்தாதீர்கள். மிரண்ட யானை ஓடும் வழியில்தான் ஆள் சாகிறது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள், அதிகாரிகள் வரும்வரை பிள்ளைகளை வீட்டுக்குள் வையுங்கள்.